யார் ரத்தம், என்ன விலை: மூன்று வாம்பயர் கேம்கள்

1986-ல் கொனாமியின் 'காசில்வேனியா' வந்தபோது விஷயம் எளிது. கோட்டையில் டிராகுலா இருப்பான், சாட்டையோடு போய் அவனை முடிக்க வேண்டும். ரத்தக்காட்டேரியாக நம்மையே நடமாடவிடும் கேம்களில்தான் சிக்கல் தொடங்குகிறது: குடிப்பதா, வேண்டாமா?

இதில் என் ஓட்டு 'வாம்பயர்' கேமுக்கு (2018, டோன்ட்நாட் நிறுவனம்). 1918-ன் லண்டன், ஸ்பானிஷ் ஃப்ளூ காலம். நாயகன் ஜொனாதன் ரீட் ஒரு டாக்டர், காட்டேரியாகவும் ஆகிவிட்டவர். ஊரில் ஒவ்வொருவருக்கும் பெயர், குடும்பம், ரகசியம் உண்டு. அந்த ரகசியங்களைத் தெரிந்துகொண்ட பிறகு குடித்தால் கிடைக்கும் எக்ஸ்பி (லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளி) கூடும். நோயாளியின் ரத்தம் தரம் குறைந்தது. மருந்து கொடுத்துக் குணமாக்கினால் தரம் ஏறும். ஆக, நாம் வைத்தியம் பார்ப்பது கருணையாலா, பசியாலா என்று நமக்கே விளங்காது. யாரையும் கொல்லாமலும் முடிக்கலாம். ஆனால் லெவல் ஏறாமல் சண்டைகளில் திணற வேண்டும். பழைய சேவுக்குத் திரும்பித் தப்பிக்கவும் வழியில்லை, கேம் தானே பதிவுசெய்யும் ஆட்டோசேவ் மட்டும்தான். சண்டைகள் சுமார் ரகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'வாம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்' (2004, ட்ரோய்கா) கதையில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. லாஸ் ஏஞ்சலஸில் காட்டேரிகள் குலம் குலமாகப் பிரிந்து அரசியல் செய்கிறார்கள். தாங்கள் இருப்பது மனிதருக்குத் தெரியக் கூடாது என்பதே முதல் சட்டம். அதை ஐந்து முறை மீறினால் ஆட்டம் காலி. நோஸ்ஃபெராட்டு குலத்தை எடுத்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும், சாக்கடை வழியாகத்தான் போக்குவரத்து. சித்தம் கலங்கிய குலமான மால்கேவியனை எடுத்தால் தெருவோர ஸ்டாப் போர்டோடு வாக்குவாதம் நடக்கும், அதற்காகவே இரண்டாம் முறை ஆடலாம். ஆனால் தாகம் இங்கே பெரிதாக உறுத்தாது. அளவோடு குடித்துவிட்டு ஆளை விட்டுவிடலாம், பை ரத்தமும் விலைக்குக் கிடைக்கும்.

'வி ரைசிங்' (2022-ல் முழுமையடையாத முதல் பதிப்பு, 2024-ல் முழுப் பதிப்பு) குற்ற உணர்ச்சிப் பக்கமே போவதில்லை. தொழிலாளியின் ரத்தம் குடித்தால் மரம் வெட்டுவது வேகமாகும். தரம் எத்தனை சதவீதம் என்று திரையிலேயே தெரியும். கைதிகளைச் சிறையில் அடைத்து, மீன் போட்டு வளர்த்து, தேவைப்படும்போது ரத்தம் எடுக்கலாம். மாட்டுத் தொழுவமேதான்! ஆனால் வெயிலை இவ்வளவு நன்றாகக் கையாண்ட கேம் வேறில்லை: சூரியன் நகர நகர நிழலும் நகரும், நாம் மரத்துக்கு மரம் ஓட வேண்டும். பையில் வெள்ளி இருந்தாலே உடம்பு எரியும்.

நண்பர்களோடு ஆட 'வி ரைசிங்'. தனியாக, இரவில், மனசாட்சியோடு மல்லுக்கட்ட 'வாம்பயர்'. 'பிளட்லைன்ஸ்' வாங்கினால் ரசிகர்கள் உருவாக்கிய, பிழைகளைத் திருத்தும் பேட்சைப் போட்டுவிட்டே தொடங்குங்கள். 'ஹாஃப்-லைஃப் 2' என்ற பெரிய கேம் வெளியான அதே நாளில், பிழைகள் தீராமலே கடைக்கு வந்த கேம் அது.