கேம்பர்வேன் டாய்லெட் சீலுக்கு எதைத் தடவுவது: வாசலினா, எண்ணெயா, சிலிக்கானா?

கேம்பர்வேன் எனப்படும் தங்கும் வசதியுள்ள வண்டிகளில் பெரும்பாலும் கேசட் டாய்லெட்தான், அதாவது கழிவுத் தொட்டியைத் தனியாக வெளியே எடுத்துக் கொட்டும் வகை. அதில் மக்கர் பண்ணும் பாகம் பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையம்தான். கழிவுத் தொட்டியின் வாயில் இருக்கும் இந்த சீலை ஒட்டி, பிளேடு எனப்படும் தகடு முன்னும் பின்னும் நகர்ந்து வாயைத் திறந்து மூடும். ரப்பர் காய்ந்தால் பிளேடு இறுகும். இறுகியதை வம்படியாக இழுத்தால் சீல் மடங்கும், சில நேரம் கிழியும். அப்புறம் வண்டிக்குள் நாற்றம், வளைவில் திரும்பினால் கசிவு. ஆகவே எதையாவது தடவித்தான் ஆகவேண்டும். எதைத் தடவுவது என்பதில்தான் ஆளுக்கொரு வைத்தியம்.

சிங்கப்பூரில் வைத்திருக்கும் வண்டியை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் துவாஸ் சோதனைச்சாவடி வழியாக மலேசியா போய்வரும், மற்ற நாளெல்லாம் வெயிலில் நிற்கும். சீலில் தடவியதை யாரும் வாராவாரம் துடைத்துப் புதிதாகத் தடவப் போவதில்லை. இந்த ஒரு விஷயம் பல விடைகளை மாற்றிவிடுகிறது.

வாசலினை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். எல்லா வீட்டிலும் இருக்கும், மலிவு, தடவிய அன்று பிளேடு அருமையாக வழுக்கும், எல்லாம் சரி. ஆனால் அது பெட்ரோலியப் பொருள். தண்ணீர்க் குழாய் வேலைகளில் அதிகம் புழங்கும் ஈபிடிஎம் ரப்பர் அதை உறிஞ்சி உப்பிவிடும். உப்பிய சீல் சரியாகப் பொருந்தாது. கறுப்பாக இருக்கும் வளையத்தைப் பார்த்து அது எந்த ரப்பர் என்று கண்டுபிடிக்க முடியாது என்பதால், வீம்பு வேண்டாம். துருப்பிடித்ததை இளக்க அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 ஸ்ப்ரேக்கும் இதே தீர்ப்புதான்.

எண்ணெய் விஷயம் அத்தனை எளிதல்ல. கேசட் டாய்லெட் தயாரிக்கும் தெட்ஃபோர்டு நிறுவனத்தின் கையேடுகளே வாசலினும் தாவர எண்ணெய்களும் கூடாது, ஆலிவ் எண்ணெய்க்கு மட்டும் விலக்கு என்கின்றன. ஆலிவ் எண்ணெய் காற்றில் எளிதில் பிசினாகாது. நல்லெண்ணெய் அப்படியல்ல, அது பாதி உலரும் வகை, மெல்லிய படலமாக நாள்பட நின்றால் பிசுபிசுக்கும். வண்டி நிற்க நிற்க அந்தப் பிசுக்கே பிளேடைப் பிடித்துக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெய்க்கு நம் வீடுகளில் ஆதரவாளர்கள் அதிகம். அது நல்லெண்ணெயைப்போல் பிசினாகாது என்பது உண்மைதான். ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சிங்கப்பூரில் அந்தப் பேச்சே வராது. வண்டி மலேசியாவின் கேமரன் மலைக்குப் போய் ஓர் இரவு குளிரில் நின்றால், காலையில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது பிளேடு நகர மறுக்கும். இதைவிட மோசமான நேரத்தை அது தேர்ந்தெடுக்க முடியாது. ஆக, எண்ணெய்தான் வேண்டுமென்றால் ஆலிவ். அதையும் வழியில் சமாளிக்க ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டியில் அதைத் தடவிவிட்டு மறப்பது நல்லதல்ல.

சிலிக்கான் இங்கே ஜெயிப்பது வழுக்குவதால் மட்டுமல்ல. அது காய்வதில்லை, பிசினாவதில்லை, வழக்கமான சீல் ரப்பர்களை உப்பவைப்பதில்லை, நம் ஊர் வெயிலுக்கும் மலைக் குளிருக்கும் அசருவதில்லை. தடவிவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு ஏற்றது.

ஸ்ப்ரேயா கிரீஸா என்றால், நான் கிரீஸ் பக்கம். ஸ்ப்ரே இண்டு இடுக்கிலும் போகும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அழுத்தம் அடைத்த டப்பாவை 50 டிகிரிக்கு மேல் சூடாகவிடக் கூடாது என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். மதிய வெயிலில் பூட்டிக் கிடக்கும் வேனுக்குள் அதை வைப்பது எனக்கு உவப்பில்லை. நியூசிலாந்துக்குப் பறந்து அங்கே வண்டி வாடகைக்கு எடுப்பவர்கள் தீப்பற்றும் ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுபோகவும் முடியாது. ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் குழாய் வேலைக்கான சிலிக்கான் கிரீஸ் கேட்டுப் பாருங்கள். சிலிக்கான் சீலன்ட்டைத் தூக்கிக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள், அது ஒட்டும் பசை! கிரீஸை விரல் நுனியில் எடுத்து, பளபளப்பு தெரிகிற அளவுக்குப் பூசினால் போதும். அப்பினால் அழுக்குதான் சேரும்.

எதைத் தடவினாலும் அழுக்கின்மேல் தடவிப் பயனில்லை. வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் கொண்டு சீலின் உள்மடிப்பைத் துடைத்து, உலரவிட்டுப் பூசுங்கள். பிளீச், வீட்டு டாய்லெட் கிளீனர் இரண்டும் ரப்பரைக் கெடுக்கும். தொட்டிக்கான ரசாயனத்தையும் டாய்லெட் கிண்ணத்தில் ஊற்றி பிளேடைத் திறந்து இறக்காதீர்கள். தொட்டியை வெளியே எடுத்து, கழிவைக் கொட்டும் மூக்கு வழியாக ஊற்றுங்கள். அடர்த்தியான ரசாயனம் சீலில் தேங்குவதுதான் பல சீல்களுக்கு எமன்.

சீல் ஏற்கெனவே விறைத்தோ வெடித்தோ இருந்தால் சிலிக்கானும் காப்பாற்றாது, புதிது மாற்றவேண்டியதுதான். டாய்லெட்டின் மாடல் எண்ணைக் குறித்துவைத்து, பயணத்துக்கு முன்பே ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் தொட்டியைக் கழுவிக் காயவைத்து, சீலுக்குப் பூசி, பழைய இடத்தில் மாட்டியபின் பிளேடைத் திறந்தபடி விடுங்கள். மூடியே கிடந்தால் என்ன பூசியிருந்தாலும் ரப்பர் அதில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும்.