லைக்கன் ஸ்க்லீரோசஸ்: எந்தக் களிம்பு முதலில்?

பெண்ணுறுப்பின் வெளித்தோலில் வெள்ளைத் திட்டு, இரவில் கூடும் அரிப்பு, லேசாக உரசினாலே வெடிப்பு. இது லைக்கன் ஸ்க்லீரோசஸ் எனும் நாள்பட்ட தோல் அழற்சி நோய் என்று உறுதியானபின் முதல் மருந்து எது என்பதில் பெரிய தகராறு இல்லை: க்ளோபெட்டசால் 0.05%, வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு. அதுவும் க்ரீமாக அல்ல, பிசுக்கான ஆயின்ட்மென்டாக. க்ரீமில் இருக்கும் பதப்படுத்திகள் வெடித்த தோலில் எரியும்.

வழக்கமான முறை 12 வாரம்: முதல் நான்கு வாரம் தினமும் இரவில், அடுத்த நான்கு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், கடைசி நான்கு வாரம் வாரம் இருமுறை. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். ஒரு தடவைக்கு அதில் பாதி போதும். 30 கிராம் ட்யூப் 12 வாரத்துக்குள் தீர்ந்தால் அளவு மிஞ்சுகிறது.

"மருந்து கேட்கவில்லை" என்பவர்களில் பலருக்குப் பழுது மருந்தில் இல்லை, பூசும் இடத்தில். கண்ணாடி வைத்துப் பாருங்கள்: க்ளிட்டோரிஸை மூடும் தோல், உள் உதடுகள், ஆசனவாய் வரையிலான பகுதி, இவற்றில் வெளுத்த இடமெல்லாம் பூச வேண்டும். முடி உள்ள வெளிப்புறத்தில் தேய்த்துவிட்டு உள்ளே தொடாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. ட்யூபோடு வரும் தாளில் "பிறப்புறுப்பில் தடவாதீர்கள்" என்றிருப்பதைப் பார்த்து பாதியில் நிறுத்துவது இன்னொன்று. இந்த நோய்க்கு மருத்துவர் தெரிந்தேதான் எழுதுகிறார்.

மொமெட்டசோன் 0.1% என்பதும் ஸ்டீராய்டுதான், வீரியத்தில் ஒரு படி கீழே. ஆனாலும் பலனில் ஏறக்குறைய ஈடுகொடுக்கிறது. நோய் அடங்கியபின் வாரம் இருமுறை தொடரவும் ஏற்றது. அரிப்பு நின்றதும் மருந்தை விட்டுவிட்டால் தழும்பு சத்தமில்லாமல் முன்னேறும். ஒட்டிப்போன தோலை எந்தக் களிம்பும் பிரிக்காது.

டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ் இரண்டும் தோலின் நோயெதிர்ப்பைத் தணிக்கும் பூச்சு மருந்துகள். ஸ்டீராய்டு அல்ல, தோலை மெலியவைக்காது. இதைக் கேட்டதும் இவையே மேல் என்று தோன்றும். க்ளோபெட்டசாலோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பிமெக்ரோலிமஸ் 1% அரிப்பைக் கிட்டத்தட்ட அதே அளவு குறைத்தது, அழற்சியைத் தணிப்பதில் க்ளோபெட்டசாலே முந்தியது. டாக்ரோலிமஸும் அதற்குப் பின்தங்கியது. தொடக்க நாட்களில் எரிச்சல் தாங்காமல் சிலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது இரண்டாம் வழி, அவ்வளவுதான்.

டெஸ்டோஸ்டிரோன் களிம்பு ஒருகாலத்தில் எழுதப்பட்டது. வெறும் வாஸலினைவிட மேலாக வேலை செய்யவில்லை. ஈஸ்ட்ரோஜன் க்ரீம் மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்கானது, இந்த நோய்க்கு அல்ல.

வாஸலின் மருந்துக்குப் பதில் ஆகாது, துணைக்கு வேண்டும். சிறுநீர் கழிப்பதற்கு முன் தடவினால் எரிச்சல் குறையும். ஸ்டீராய்டுக்கும் இதற்கும் அரைமணி இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் மருந்து நீர்த்துப்போகும். சோப்பு வேண்டாம்.

மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது அரிப்பு திடீரெனக் கூடினால் பூஞ்சைத் தொற்றா என்று பார்க்க வேண்டும். ஆறாத புண், தடித்த கட்டி தெரிந்தால் களிம்பை மாற்றிக்கொண்டிருக்காமல் பயாப்சிக்கு (தோல் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) போங்கள். இந்தத் தோலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு, ஆனால் உண்டு.