மேரி பிளாக்கின் குரலோடு இருபது ஆண்டுகள்

2004-இல் ஸ்பீக்கர் வாங்கப் போயிருந்த கடையில், ஒலியின் துல்லியத்தைக் காட்டுவதற்காக விற்பனையாளர் ஒரு சிடியை ஓடவிட்டார். அயர்லாந்துப் பாடகி மேரி பிளாக்கின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். ஆடியோ ஆர்வலர்கள் கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய பதிவுகளை நாடுவது வழக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் மூன்று முறை ஸ்பீக்கரை மாற்றிவிட்டேன். 1989-இல் வெளிவந்த ‘நோ ஃபிரண்டியர்ஸ்’ என்ற அந்த ஆல்பத்தை மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் சில ஆண்டுகள் அதை நான் ஒலித்தரத்துக்காக மட்டுமே கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிதார் கலைஞர் டெக்லன் சினட்டின் தயாரிப்பில் குரலைச் சுற்றி நிறைய இடம் விடப்பட்டிருப்பதால், மூச்சு எடுக்கும் இடம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதை எனக்குப் புரியவைத்தது வேறொரு பதிவு. 1986-இல் மேரியும் அவருடைய உடன்பிறந்தவர்களான ஷே, மைக்கேல், மார்ட்டின், ஃபிரான்சிஸ் ஆகியோரும் ‘தி பிளாக் ஃபேமிலி’ என்ற பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். ராத்லின் தீவைச் சேர்ந்த தந்தை ஃபிடில் (நாட்டுப்புற பாணி வயலின்) வாசிப்பவர், டப்ளினைச் சேர்ந்த தாய் பாடுபவர். அப்படிப்பட்ட வீட்டில் 1955-இல் பிறந்த மேரி, மேடைக்கு வருமுன்பே சேர்ந்து பாடப் பழகியவர். அந்த ஆல்பத்தில் ஒருவர் குரல் மற்றவர் குரலை மூடுவதே இல்லை. தனியாகப் பாடும்போதும் அவர் சொல்லை முன்னே விட்டுக் குரலைப் பின்னே நிறுத்துவது அந்தப் பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன்.

ஜெனரல் ஹம்பர்ட் என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்த அவர், 1983-இல் தம் பெயரிலேயே முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். அதே காலத்தில் டி டானன் என்ற அயர்லாந்து மரபிசைக் குழுவிலும் சேர்ந்து, 1986 வரை இரண்டு பாதைகளிலும் ஒருசேர நடந்தார். டி டானன் நாட்களில் அவர் குரலுக்குப் பக்கத்தில் ஃபிராங்கி கேவினின் ஃபிடிலும் அலெக் ஃபின்னின் புசூக்கி என்ற நீண்ட கழுத்துள்ள நரம்பு வாத்தியமும் இருந்தன. அந்த வேகமான வாத்தியங்களுக்கு நடுவே அவர் நிதானமாகப் பாடுவதைக் கேட்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. 1985-இல் வந்த தனி ஆல்பம் மட்டும் அக்காலத்துப் பாப் இசையின் சாயலால் சற்றுப் பழையதாகிவிட்டது. அதை நான் அதிகம் எடுப்பதில்லை.

மரபுப் பாடல்களோடு நின்றுவிடாமல் ஜிம்மி மெக்கார்த்தி, நோயல் பிரேசில் போன்ற சமகாலப் பாடலாசிரியர்களைத் தேடிப் பாடியதே அவருடைய தொழில் வாழ்க்கையின் முக்கியமான முடிவு என்பேன். ‘நோ ஃபிரண்டியர்ஸ்’ என்ற பாடலே மெக்கார்த்தி எழுதியதுதான். பழைய கதைப்பாடல் ஒன்றை எப்படி அணுகுவாரோ அதே பொறுமையோடுதான் புதிய பாடலையும் அணுகுகிறார். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டாலும் இடையில் முறிவு தெரிவதில்லை. 1992-இல் டோலோரஸ் கீன், ஷாரன் ஷானன், எலினர் மெக்கவாய், மோரா ஓ’கானல், தங்கை ஃபிரான்சிஸ் ஆகியோருடன் அவர் இடம்பெற்ற ‘எ வுமன்ஸ் ஹார்ட்’ என்ற தொகுப்பு, அயர்லாந்தில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களுள் ஒன்றானது. ஒரே அமர்வில் வெவ்வேறு பெண் குரல்களைக் கேட்க விரும்புவோர் அதிலிருந்து தொடங்கலாம்.

குடும்பத்தின் இசை அடுத்த தலைமுறையிலும் தொடர்கிறது. மகன் டேனி ஓ’ரெய்லி ‘தி கரோனாஸ்’ குழுவின் பாடகர். மகள் ரோஷீன் ஓ தனிப் பாடகி.

இப்போதெல்லாம் புதிய ஹெட்போன் ஒன்றைச் சோதிக்க நேர்ந்தால், கடைக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஆல்பத்தை நான் கேட்பதில்லை; 1986-இன் குடும்பப் பதிவையே கேட்கிறேன். ஐந்து குரல்களும் ஒன்றாக எழும் இடத்தில், மேரியின் குரலைக் கடைசி அசை வரை பின்தொடர முடிந்தால் அந்த ஹெட்போனை வாங்கிவிடுகிறேன்.