ஜெடாய் அங்கி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

1977-இல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஜெடாய் வீரராக நடித்த ஆலெக் கின்னஸ் அணிந்த பழுப்பு அங்கியின் நகல் என்று விற்கப்படுபவற்றில் பல, வெறும் மெல்லிய பாலியஸ்டர். ஃபிளாஷ் வெளிச்சத்தில் பளபளக்கும், நடந்தால் காலோடு ஒட்டும். விலை எவ்வளவு குறைந்தாலும் இந்த ரகம் வேண்டாம்.

துணிதான் முக்கால்வாசி விஷயம். 350 முதல் 450 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கனமுள்ள கம்பளியோ கம்பளிக் கலப்போ என்றால் மடிப்புகள் தானாகவே கனமாக விழும். வெட்டுவதற்கு முன் துணியை நீராவியில் சுருக்கிவிட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லையென்றால் முதல் இஸ்திரியிலேயே நீளம் குறைந்துவிடும்.

அடுத்தது முக்காடு. மலிவான அங்கிகள் கோட்டை விடுவது இங்கேதான். நெற்றியைத் தாண்டி ஒரு கையகலம் முன்னே வந்து முகத்தில் நிழல் விழ வேண்டும். பின்னுக்குத் தள்ளினால் தோளில் தளர்ந்து கிடக்க வேண்டும். ஆனால் பெரிய முக்காட்டின் கனம் அங்கியைப் பின்னால் இழுக்கும், கழுத்து இறுகும். நல்ல தையலில் கழுத்துத் தையலுக்குள் நாடா வைத்துத் தைத்திருப்பார்கள். அப்படியும் வழுக்கினால், இரு தோளிலும் உள்சட்டையோடு சேர்த்து ஒரு கொக்கி வைத்தால் போதும், அசையாது.

கையைத் தூக்கினால் அகலமான கைவாயின் உட்புறம் தெரியும். அங்கே ஓவர்லாக் (நூல் பிரியாமலிருக்க ஓரத்தில் போடும் மெஷின் தையல்) மட்டும் போட்டிருந்தால் அசிங்கம். 5 செ.மீ. மடித்துத் தைத்திருக்க வேண்டும்.

நீளத்தைப் பூட்ஸ் போட்டுக்கொண்டே அளந்து, தரையிலிருந்து 2–3 செ.மீ. மேலே நிறுத்துங்கள்.