நோட்டேஷன் தாளை லிச்செஸ் ஸ்டடியில் ஏற்றிப் படிப்பது: ஓராண்டுக்குப் பிறகு

புதுச்சேரி, கடலூர் பக்கம் கிளாசிக்கல் (நீண்ட நேர) செஸ் டோர்னமென்ட் ஆடி, நகர்வுகளை நோட்டேஷன் தாளில் குறிப்பவர்களுக்கு, லிச்செஸ் செஸ் தளத்தில் ஆட்டத்தை ஏற்றிக் குறிப்பெழுத உதவும் ஸ்டடி வசதியைத் தயங்காமல் சொல்லலாம். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. வேகமான ரேப்பிட் ஆட்டத்தில் நோட்டேஷன் கட்டாயமில்லை என்பதால் அங்கே பெரிதாக உதவாது. ஓராண்டில் அதிகம் மண்டை காய்ந்தது ஆப்பால் இல்லை, தாளால்தான்.

கைக்கு வரும் நோட்டேஷன் தாளின் நகல் பெரும்பாலும் கார்பன் வைக்காமலே பதியும் ரகம். வெயிலும் ஈரமும் பட்டால் எழுத்து வெளுக்கும். கடற்காற்று அடிக்கிற ஊரில் வண்டி டிக்கியில் போட்டு மறந்தால் அவ்வளவுதான். அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.

அடுத்த தொல்லை கையெழுத்து. சி5, இ5 என்ற கட்டப் பெயர்கள் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கறுப்பின் முதல் நகர்விலேயே இரண்டும் செல்லும் என்பதால் ஆப் தடுக்காது. அதைவிட மோசம் வெறுமனே "குதிரை டி2" என்று எழுதுவது. பி1, எஃப்3 இரண்டிலும் குதிரை நிற்கும்போது எது போனது? எஃப்3 குதிரையைத் தவறாக நகர்த்தினால், ஏழெட்டு நகர்வு கழித்து "குதிரை இ5" வரும்போது அங்கே போகக் குதிரையே இருக்காது. மாட்டிய இடத்தில் தேடாதீர்கள்; குதிரை கடைசியாக நகர்ந்த வரிக்குத் திரும்புங்கள்.

ஏற்றி முடித்ததும் இன்ஜினை (நகர்வுகளை அலசும் கணினி நிரலை) அணைத்துவிட்டு, அந்த நேரத்தில் என்ன நினைத்தோம் என்பதை நகர்வுக்குக் கீழே கமெண்டாக எழுதவும். கடிகாரத்தில் மிச்சமிருந்த நிமிடத்தையும் அங்கேயே. பிறகு இன்ஜின்.

இன்ஜின் தண்டனையைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. உதாரணத்துக்கு, வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி: இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 குதிரை டி4. வெள்ளை இ5 சிப்பாயை வெட்ட, ராணி ஜி5. குதிரை எஃப்7-ஐ வெட்டினால் ராணி ஜி2-ஐ வெட்டும். யானை எஃப்1, ராணி இ4-ஐ வெட்டிச் செக், பிஷப் இ2, குதிரை எஃப்3 மேட். இன்ஜின் எஃப்7 வெட்டில் இரட்டைக் கேள்விக்குறி (படுமோசமான தவறு) போடும். ஆனால் பழக வேண்டியது அதற்கு முந்தைய வெள்ளை நகர்வு: சும்மா கிடக்கும் சிப்பாயை விட்டுவிட்டு டி4 குதிரையை வெட்டியிருந்தால் இந்த வம்பே இல்லை.

ஓர் ஆட்டத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்தால், ஒரு ஸ்டடியில் 64 அத்தியாயம்தான். டோர்னமென்டுக்கு ஒன்றாகத் திறந்து, பிரைவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எதிராளியும் லிச்செஸ்ஸில்தான் இருப்பார்.