தடுத்த பின் அடிப்பதா, தடுக்கும்போதே அடிப்பதா?

தற்காப்புக் கலையில் தடுப்பை மட்டும் நன்றாகக் கற்றவர், பயிற்சிச் சண்டையான ஸ்பாரிங்கில் தோற்றுக்கொண்டே இருப்பார். முதல் குத்தைத் தடுப்பார், இரண்டாவதையும் தடுப்பார், மூன்றாவது எங்காவது நுழைந்துவிடும். திருப்பி அடி விழாது என்று தெரிந்த எதிராளி ஏன் நிறுத்த வேண்டும்? ஆகவே தடுப்பிலிருந்து எதிரடி பிறந்தாக வேண்டும். அது எந்தக் கணத்தில் பிறக்க வேண்டும் என்பதில்தான் கலைக்குக் கலை வழி மாறுகிறது.

கராத்தேயில் ஒரே ஒரு தாக்குதலுக்குப் பதில் சொல்லப் பழகும் அடிப்படைப் பயிற்சியான கிஹோன் இப்போன் குமித்தேயில் வரிசை தெளிவானது. எதிராளி முகத்துக்குக் குத்துகிறார். நாம் ஓரடி பின்வாங்கி, மேல்நோக்கிய தடுப்பான ஆகே உகேயால் அந்தக் கையை மேலே தள்ளுகிறோம். பிறகு மறு கையால் கியாக்கு சுக்கி, அதாவது பின் கைக் குத்து. இரண்டு தாளம். இதைப் பழம்பாணி என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தடுக்கும்போது இடுப்பு பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. அது முன்னோக்கித் திரும்பும் வேகம்தான் குத்துக்கு உடலின் எடையைத் தருகிறது. வேறெந்த முறையும் எதிரடிக்கு இவ்வளவு வலுவை இவ்வளவு எளிதாகக் கொடுப்பதில்லை.

இதன் குறை, பயிற்சித் துணைவர் குத்திய கையை நீட்டியபடியே நிற்பதில் ஒளிந்திருக்கிறது. உண்மையில் யாரும் அப்படி நிற்பதில்லை. குத்துச்சண்டை பழகியவரின் ஜாப், அதாவது முன் கையின் விரைவான நேர்க்குத்து, திரும்பும்போதே அடுத்த கை கிளம்பிவிடும். கண்ணால் கண்டதற்குக் கை அசையவே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. பல தடுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நேரம் இன்னும் கூடும். உளவியலாளர் வில்லியம் ஹிக் 1952-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தடுப்புக்கும் குத்துக்கும் இடையே நின்று மூச்சு விடுபவருக்கு அந்த இடைவெளியிலேயே அடி விழும்.

இதற்கு மருந்து கராத்தேயிலேயே இருக்கிறது. இடுப்புக்கு இழுக்கும் கையான ஹிக்கித்தேயை வெறும் அழகுக்காகச் செய்யாமல், தடுத்த கையாலேயே எதிராளியின் மணிக்கட்டையோ சட்டைக் கையையோ பற்றி இழுத்தால், அவருடைய இரண்டாவது குத்து நிலைகுலைகிறது, அவர் முகமும் நம் குத்தை நோக்கி வருகிறது. கையுறை அணிந்த ஸ்பாரிங்கில் இது கைகொடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சீனத் தற்காப்புக் கலையான விங் சுன், தடுப்புக்கும் குத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியையே ஒழிக்கப் பார்க்கிறது. அதன் டான் டா என்ற நுட்பத்தில் ஒரு கை, உள்ளங்கை மேல்நோக்கியபடி நீண்டு குத்தைத் திசைதிருப்புகிறது. அதே கணத்தில் மறு கை முகத்தில் இறங்குகிறது. குத்துச்சண்டையிலும் இதற்கு உறவுண்டு: எதிராளியின் ஜாபை வலது உள்ளங்கையில் வாங்கிக்கொண்டே நம் ஜாபை அனுப்புவது. அவர் முன்னேறி வரும்போது அடி விழுவதால் அவருடைய வேகமும் நம் பக்கம் சேர்ந்துகொள்கிறது. நேர்க்குத்துக்கு எதிராக இதைவிடச் சிறந்த பதிலை நான் கண்டதில்லை.

ஆனால் இது நேர்க்குத்துக்குத்தான். முழு உடலும் சுழன்று பக்கவாட்டில் வளைந்து வரும் ஹூக் குத்தின் முன் நீட்டிய ஒற்றைக் கை மடங்கிவிடும். இடுப்பு இரண்டு வேலைகளுக்குப் பிரிவதால் எதிரடியின் கனமும் குறைவு. விங் சுன்னின் இருவர் பயிற்சியான சி சாவில் கைகள் தொட்டபடி இருப்பதால் எதிராளியின் அசைவு தோலுக்கே தெரிகிறது. தொடுதலுக்கு உடல், காட்சியைவிடச் சற்று விரைவாகவே பதிலளிக்கும். எட்டி நின்று திடீரெனப் பாய்பவரிடம் அந்த வசதி கிடைப்பதில்லை.

தடுப்பையே அடியாக்குவது மூன்றாவது வழி. தாய்லாந்தின் சண்டைக் கலையான முவாய் தாயில் காலைத் தூக்கி, முழங்காலுக்குக் கீழுள்ள முன் எலும்பின் மேற்பகுதியால் உதையை வாங்குவது இந்த வகை. 2013 டிசம்பரில் ஒரு கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் கிறிஸ் வெய்ட்மன் இப்படித் தடுத்தபோது, உதைத்த ஆண்டர்சன் சில்வாவின் கால் முறிந்தது. 2021 ஏப்ரலில் யூரியா ஹால் தடுத்தபோது அதே வெய்ட்மனின் கால் முறிந்தது. இதைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: துணைவரின் எலும்பை உடைத்து யாரும் பழக முடியாது. முழு வேகத்தில் சோதித்துப் பார்க்காத நுட்பத்தை எதிரடி என்று நம்பக் கூடாது. நல்ல தடுப்பாக அதைக் கற்றுக்கொண்டு, கால் தரையைத் தொட்டதும் குத்தவோ உதைக்கவோ பழகுவதே போதும்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு என் தேர்வு இரண்டு தாள முறைதான். இடுப்பின் திருப்பம் கைவந்த பிறகு நேர்க்குத்துகளுக்கு மட்டும் ஒரே கண முறையைச் சேர்த்துக்கொள்ளலாம். எந்த முறையானாலும் துணைவரிடம் எப்போதும் இரண்டு குத்துகளைக் கேளுங்கள். இரண்டாவது எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவர் சொல்லக் கூடாது. அது வந்து சேருவதற்குள் உங்கள் அடி விழ வேண்டும். தொடர்ந்து தாமதமானால் அடிக்கும் கையைக் குறை சொல்லாமல் தடுக்கும் கையைப் பாருங்கள். பெரும்பாலும் அது தோள் அகலத்தைத் தாண்டி வெளியே போயிருக்கும். அந்த அசைவைச் சுருக்கிவிட்டு, பாதி வேகத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.