நித்தியகல்யாணிப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டேன்

ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் இதைத் தயவுசெய்து படியுங்கள்.

என் மகனுக்கு ஏழு வயது. கோத்தகிரியில் இருக்கிறோம், வைத்தியம் கோயம்புத்தூரில். கடுமையான கட்டங்கள் முடிந்து, தினமும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், மாதம் ஒரு வின்கிறிஸ்டின் நரம்பு ஊசி என்று போய்க்கொண்டிருந்தது.

ஊட்டியில் தைலம் வாங்கப் போன மூலிகைக் கடையில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "அக்கா, அந்த ஊசியே நித்தியகல்யாணியில் இருந்துதான் வருகிறது. நாங்கள் மலை உச்சியில் பறித்துப் பொடியாக்குகிறோம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுங்கள்." முதல் வாக்கியம் உண்மை. அதில்தான் விழுந்தேன். இரண்டு டப்பா, 14,500 ரூபாய், ரசீது கிடையாது.

கசப்பு தாங்காமல் துப்பினான். தேனில் குழைத்து, மூக்கைப் பிடித்துப் புகட்டினேன். பத்தொன்பதாம் நாள் ராத்திரி காய்ச்சல் கொதித்தது. மேட்டுப்பாளையம் இறங்கும் வரை மடியில் அனலாய்க் கிடந்தான். டாக்டரிடம் பொடியைப் பற்றி முதலில் வாயே திறக்கவில்லை. ரத்த அணுக்கள் சரிந்த ரிப்போர்ட்டைக் காட்டி அவர் மறுபடி கேட்டபோதுதான் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் அந்த இலையில் இருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தார்கள், அடுத்து வந்ததுதான் வின்கிறிஸ்டின் என்றார். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். பிள்ளைக்குப் போடுவதோ, உயரமும் எடையும் பார்த்துக் கணக்கிட்ட, 2 மில்லிகிராமைத் தாண்டாத அளவு. இலையிலோ ஆல்கலாய்டு எனப்படும், உடலில் வேலை செய்யும் வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல். "இந்தக் கரண்டியில் எது எவ்வளவு என்று யார் சொல்ல முடியும்?"

அது மலைச்செடியும் இல்லை. மடகாஸ்கரில் இருந்து வந்தது. அன்னூரில் என் அம்மா வீட்டுக் கிணற்றடியில் பூக்கிற அதே சுடுகாட்டு மல்லி. டப்பாவில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி எதுவும் இல்லை. வாங்கும்போது திருப்பிக்கூடப் பார்க்கவில்லை நான்.

கடைக்காரர், "நிறுத்தச் சொல்லவே இல்லை" என்று சாதித்தார். புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு டப்பாவோடு மனு கொடுத்திருக்கிறேன்.

மகன் மாத்திரைக்குத் திரும்பிவிட்டான். இப்படி எதையாவது கொடுத்துக்கொண்டிருந்தால், டப்பாவை எடுத்துக்கொண்டு இன்றே உங்கள் டாக்டரிடம் போங்கள். மாத்திரை நின்ற தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். நான் மறைத்த அந்த இரண்டு மணி நேரமும் அவன் ஊசி ஏறிய கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.